வேஷம் யாருக்கு, வாத்தியாருக்கா பிள்ளைக்கா?

மே மாதம் திருப்பதியில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் மலைக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் ஊருக்குள் நடப்பதைக் கவனிப்பதில்லை. ஊர் அம்மனான தாத்தய்யகுண்டா கங்கம்மாவின் ஜாத்திரை நடக்கும் வாரம் அது. ஒரு நாள் உடம்பெல்லாம் நாமக்கட்டி குழைத்துப் பூசிய பைராகிகள் தெருவில் வருவார்கள். அடுத்த நாள் குங்குமம் அப்பிய ‘பண்ட’ வேஷக்காரர்கள், எதிரில் வருகிறவர் பெரியவரா சின்னவரா என்று பாராமல் ஏசிக்கொண்டு போவார்கள். பிறகு கரி பூசிய தோட்டி. பிறகு சந்தனம் பூசிய தொர, அதாவது நம்மூர் துரை. மாதங்கி நாளில் மீசைக்காரர்கள் சேலை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, வளையல் குலுங்க வேண்டுதல் செலுத்த வருவார்கள். 2024 டிசம்பரில் வெளியான ‘புஷ்பா 2’ படத்தில் அல்லு அர்ஜுன் சேலை கட்டி ஆடிய ஆட்டத்துக்கு மூலம் இந்த ஜாத்திரைதான்.

ஊரில் சொல்லும் கதை இது. பாளேகாடு என்ற பாளையக்காரன் கண்ணில் பட்ட இளம்பெண்களையெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தான். அவனை ஒழிக்க வந்த கங்கம்மா பக்கத்துக் கிராமமான அவிலாலாவில் வளர்ந்தாள். அவள் யார் என்று தெரிந்ததும் அவன் ஓடி ஒளிந்தான். நாளுக்கு ஒரு வேஷம் கட்டிக்கொண்டு அவள் தேடினாள். துரை வேஷத்தில் வந்தபோது, பெரிய மனிதர் வந்திருக்கிறாரே என்று கும்பிட வெளியே வந்தான், தலை போயிற்று. அம்மனின் வேஷங்களைக் கட்டி ஊர்வலம் வரும் உரிமை இன்றும் கைக்காலா எனப்படும் நெசவுச் சமூகத்துக் குடும்பத்தாரிடம் இருக்கிறது.

ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த ஜாத்திரையைப் பல காலம் பின்தொடர்ந்து 2013-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆளை மறைப்பதற்காக மட்டும் இங்கே வேஷம் கட்டுவதில்லை, கட்டுகிறவரையே அது மாற்றுகிறது என்பது அவர் வாதம். சேலை கட்டிய ஆண் அந்த ஒரு நாளைக்காவது உலகத்தை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறான்.

திருப்பதித் தெருவிலிருந்து கம்ப்யூட்டர் திரைக்குத் தாவுவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் அவதார்களை, அதாவது திரையில் நமக்குப் பதிலாக நடமாடும் உருவங்களை, வைத்துப் பாடம் நடத்துவது பற்றி உலகம் 20 வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கும் பேச்சில் விட்டுப்போன கேள்வி இந்த ஜாத்திரைக்குள் இருக்கிறது. வேஷத்தை யார் கட்டுவது? வாத்தியாரா, பிள்ளையா?

தீவு வாங்கிய பல்கலைக்கழகங்கள்

திரைக்குள் ஓர் ஊரைக் கட்டி, அதில் நமக்குப் பதிலாக ஒரு பொம்மை உருவத்தை நடமாட விடலாம் என்று 1986-லேயே செய்து காட்டியவர்கள் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும். கொமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில், டெலிபோன் கம்பி வழியாக ஓடிய அந்த விளையாட்டின் பெயர் ஹேபிடட். அப்புறம் 2003-ல் சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் ‘செகண்ட் லைஃப்’பைத் திறந்துவிட்டது. அதில் நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், கடை போடலாம். பல்கலைக்கழகங்கள் தீவு தீவாக வாங்கின. 2006-ல் ஹார்வர்டின் சட்டப் பேராசிரியர் சார்லஸ் நெசன் தன் மகள் ரெபெக்காவுடன் சேர்ந்து அங்கே ஒரு வகுப்பையே நடத்தினார்.

வாங்கிய தீவுகளில் பலர் என்ன கட்டினார்கள் தெரியுமா? தங்கள் கல்லூரியின் அதே கட்டடம், அதே லெக்சர் ஹால், அதே வரிசை நாற்காலிகள். கால் வலிக்காத உருவங்களுக்கு எதற்கு நாற்காலி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முன்னால் பேராசிரியர் உருவம் நின்று பேசும், எதிரே மாணவர் உருவங்கள் உட்கார்ந்து கேட்கும். பறக்கத் தெரிந்த உருவங்களை உட்காரவைத்துப் பவர்பாயின்ட் காட்டினார்கள்! 2010 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணச் சலுகையை லிண்டன் லேப் நிறுத்துவதாக அறிவித்ததும் பலர் மூட்டை கட்டினார்கள். 2013-ல் சலுகை திரும்ப வந்தது. போனவர்களில் பலர் வரவில்லை.

அதே செகண்ட் லைஃபில் வேறு மாதிரி யோசித்த ஒருவரும் இருந்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ். மனச்சிதைவு நோயாளிக்குக் கேட்கும் குரல்களைப் பற்றி மருத்துவ மாணவர்களுக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் உறைக்கவில்லை. அதனால் ஒரு மருத்துவமனை வார்டைச் செகண்ட் லைஃபுக்குள் கட்டினார். உள்ளே நடந்தால் தரை காலடியில் நழுவும். கண்ணாடியில் முகம் செத்துப்போகும். எங்கிருந்தோ ஒரு குரல், நீ ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லிக்கொண்டே பின்னால் வரும். குரல்களும் காட்சிகளும் நிஜ நோயாளிகள் விவரித்தவை. சுற்றிப் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டபோது, முக்கால்வாசிப் பேர் இந்த நோய் எப்படியிருக்கும் என்று முன்னைவிடப் புரிகிறது என்றார்கள்.

லெக்சர் ஹாலுக்கும் இந்த வார்டுக்கும் தொழில்நுட்பம் ஒன்றுதான். லெக்சர் ஹாலில் மாணவன் மாணவனாகவே போய் உட்கார்ந்தான். வார்டில் அவன் நோயாளியின் வேஷத்தைக் கட்டினான்.

வேஷம் கட்டியவனின் நடத்தை மாறும் என்பதற்கு அளவெடுத்த சான்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அது. யாருக்கு எந்த உருவம் என்பதை அவர்களே ஒதுக்கினார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் பணத்தைப் பங்கு போடும் பேரத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். குள்ளமான உருவம் கிடைத்தவர்கள் நியாயமில்லாத பங்கையும் ஒப்புக்கொண்டார்கள். அழகான முகம் கிடைத்தவர்கள் அந்நியரிடம் நெருங்கி நின்று பேசினார்கள். கிடைத்த உருவத்தில் சிறிது நேரம் இருந்ததே போதுமாக இருந்தது. நினைத்த உருவமெல்லாம் எடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வம் புரோட்டியஸின் பெயரை இந்த விளைவுக்கு வைத்தார்கள். அவர்கள் திருப்பதிக்கு வந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள் என்பது என் ஆசை.

நம்மூர்ப் பட்டமளிப்பு, நம்மூர்க் கல்யாணம்

இந்தியாவில் அவதார்கள் பெரிய அளவில் மேடையேறியது கொரோனா காலத்தில். 2020 ஆகஸ்டில் ஐஐடி பம்பாய் தன் பட்டமளிப்பு விழாவை இப்படி நடத்தியது. பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம். நோபல் பரிசு பெற்ற டங்கன் ஹால்டேனின் உருவம் மெடல் கொடுத்தது, டைரக்டரின் உருவம் பட்டம் கொடுத்தது. வீட்டில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து, தன் பொம்மை நடந்து வருவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது சந்தோஷம்தான். வராமல் போயிருக்க வேண்டிய ஒரு நாள் ஏதோ ஒரு வடிவத்திலாவது வந்தது.

2022 பிப்ரவரி 6-ல் திருப்பதி அப்போது சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டமான கிருஷ்ணகிரியில் சிவலிங்கபுரம் என்ற கிராமம் உலகச் செய்தி ஆனது. அங்கே தாலி கட்டிய ஜோடி, வரவேற்பை மெடாவெர்ஸ் என்ற திரை உலகத்தில் வைத்தது. ஹாரி பாட்டர் கதையில் வரும் மாயப்பள்ளியைப் போன்ற அரங்கத்துக்கு விருந்தினர்கள் தங்கள் உருவங்களோடு வந்தார்கள். மணமகளின் அப்பா முன்பே இறந்துவிட்டவர். அவருடைய உருவமும் வந்து மணமக்களை வாழ்த்தியது.

இரண்டு வருடம் கழித்து, 2024 ஜனவரியில், டி.ஆர்.பாலுவின் சுயசரிதை வெளியீட்டு விழாவில் கருணாநிதி திரையில் தோன்றி நண்பரை வாழ்த்தினார். மகன் ஸ்டாலினின் தலைமையையும் பாராட்டினார். அவர் மறைந்தது 2018-ல். கல்யாண வீட்டில் வந்த அப்பா ஒரு மகளின் ஏக்கம், அதில் வெளியாள் கருத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. மேடையில் வந்த தலைவர் விஷயம் வேறு. அந்தக் குரல் சொன்ன பாராட்டை எழுதியவர் யார் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. கைதட்டல் மட்டும் விழுந்தது. கங்கம்மா ஜாத்திரையில் வேஷம் கட்டியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெருவுக்கே தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஐஐடி குவாஹாட்டி ‘ஞானதாரா’ என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு மெடாவெர்ஸைத் தயாரித்து, மத்திய அரசுத் திட்டமான பி.எம்.ஸ்ரீ பள்ளிகளுக்குக் கொண்டுபோக 2024-ல் முன்வந்தது. நல்ல முயற்சி. ஆனால் இன்னொரு பக்கம் சந்தையில் மும்முரமாக விற்பனையாவது வேறு சரக்கு: செயற்கை நுண்ணறிவில் செய்த வாத்தியார் உருவம். ஒரு போட்டோவும் சில நிமிடக் குரல் பதிவும் கொடுத்தால், அந்த முகம் எந்தப் பாடத்தையும் எந்த மொழியிலும் சலிக்காமல் ஒப்பிக்கும். விற்கிறவர்களுக்கு இது சௌகரியம். ஒரு வாத்தியாருக்கு வேஷம் போட்டால் போதும், பிள்ளைகள் எத்தனை லட்சம் பேர் ஆனாலும் செலவு ஏறாது. பிள்ளை பாட்டுக்கு முன்போலவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செகண்ட் லைஃபின் நாற்காலிகள் திரும்பி வந்துவிட்டன.

ஆந்திரத்துக்கு இது கேள்விப்பட்ட கதையாக இருக்காது, பட்ட கதை. 2022 டிசம்பரில் அரசுப் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்குமாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டேப்லெட்டுகளை மாநில அரசு கொடுத்தது. உள்ளே பைஜூஸ் பாடங்கள். படம் பளிச்சென்று இருந்தது, பேசுகிறவர் அழகாகப் பேசினார். கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டால் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். 2024-ல் பைஜூஸ் திவால் வழக்கில் சிக்கியது.

அரகொண்டாவும் ரிஷி வேலியும்

தூரத்தில் இருக்கும் ஒருவரைத் திரை வழியாக இங்கே கொண்டுவருவதில் சித்தூர் மாவட்டத்துக்குப் பழைய அனுபவம் இருக்கிறது. அப்போலோ மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர் அரகொண்டா. 2000-ல் அந்தக் கிராமத்து மருத்துவமனையில் சாட்டிலைட் இணைப்போடு தொலைமருத்துவம் தொடங்கியது. ஐதராபாத் வந்திருந்த பில் கிளிண்டன் மார்ச் 24-ல் அதை முறைப்படி தொடங்கிவைத்தார். அரகொண்டா நோயாளியைச் சென்னை டாக்டர் பார்ப்பார். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த பகுதி சாட்டிலைட் கிடையாது. நோயாளியின் பக்கத்தில் நின்று நாடி பிடிக்க, எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்ட அங்கேயே ஒரு மருத்துவர் இருந்தார். திரை தனியாக வைத்தியம் பார்க்கவில்லை.

பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலி இருக்கிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர்ப் பக்கம் அவர் நிறுவிய பள்ளி. அதன் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ராமா தம்பதியினர் வளர்த்தெடுத்த முறை, ஒரே அறையில் நாலைந்து வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் ஓராசிரியர் பள்ளிகளுக்கானது. பிள்ளை தானே, பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படத்தில் தன் இடத்தைப் பார்த்து, தனக்கான அட்டையை எடுத்து, செய்து முடித்து, அடுத்த படிக்குப் போகும். வாத்தியார் தரையில் அவர்களோடு உட்கார்ந்திருப்பார். இதைப் பார்த்துவிட்டு வந்துதான் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003-ல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அடுத்த சில வருடங்களில் தமிழ்நாடு முழுக்க அது பரவியது. நம் வீட்டுப் பிள்ளைகள் அட்டை எடுத்துப் படித்தார்களே, அந்த அட்டை வந்த வழி சித்தூர் வழி. கம்ப்யூட்டரே இல்லாமல், பிள்ளையின் கையில் காரியத்தைக் கொடுத்த முறை அது. இன்று மெடாவெர்ஸ் வகுப்பு விற்க வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்த அட்டை செய்ததைவிடக் கூடுதலாக உங்கள் உலகம் என்ன செய்யும் என்பதுதான்.

ஐந்து பிள்ளைகளும் ஒரு கூத்துக்காரரும்

கூடுதலாகச் செய்யக்கூடிய ஒன்று எனக்குத் தெரிந்து இருக்கிறது. அதில் மாணவர் இடத்தில் இருப்பவர் ஆசிரியர்.

அமெரிக்காவில் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ‘டீச்லைவ்’ என்று ஒரு பயிற்சிக்கூடம் அமைத்தார்கள். வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர் ஓர் அறைக்குள் போனால், எதிர்ச்சுவர்த் திரையில் ஐந்து பிள்ளைகள் பெஞ்சில் இருப்பார்கள். எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லத் துடிக்கும் பையன் ஒருவன். எதைச் சொன்னாலும் ஏட்டிக்குப் போட்டி பேசும் பெண் ஒருத்தி. பதில் தெரிந்தும் வாயைத் திறக்காத கெட்டிக்காரி ஒருத்தி. பாடம் நடத்த ஆரம்பித்தால் அவர்கள் கேட்பார்கள், சிரிப்பார்கள், செல்போனை நோண்டுவார்கள், கிண்டல் செய்வார்கள். எல்லாவற்றையும் இயக்குகிறவர் பின்னறையில் மறைந்திருக்கும் ஒரே மனிதர். ஐந்து குரல், ஐந்து குணம், ஒரே ஆள். பயிற்சி எடுப்பவர் சொதப்பினால் நிறுத்தச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். நிஜப் பிள்ளை யாருக்கும் சேதமில்லை. அங்கே கணக்கு ஆசிரியர்களை வைத்துச் செய்த ஆய்வில், 10 நிமிடப் பயிற்சியை 4 முறை எடுத்துக்கொண்டதிலேயே அவர்கள் கேள்வி கேட்கும் விதம் தேறியது. அந்தத் தேர்ச்சி சொந்த வகுப்பறைக்கும் கூடவே போனது.

சித்தூர் மாவட்டத்தின் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் கார்வேட்டிநகரத்தில் இருக்கிறது. திருப்பதியில் பி.எட். கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அங்கெல்லாம் இந்தப் பயிற்சிக்கு இப்போது உள்ள வழி என்ன? பயிற்சி ஆசிரியர்களே பிள்ளைகளாக உட்கார்ந்து, தங்களில் ஒருவர் பாடம் நடத்தக் கேட்பது. இருபத்திரண்டு வயதுக்காரர் ஏழு வயதுப் பிள்ளையாக நடிக்கும்போது நண்பனைக் காட்டிக்கொடுக்கமாட்டார். கேட்க வேண்டிய குசும்புக் கேள்வியைக் கேட்கமாட்டார். அதற்குப் பிறகு நேராக நிஜ வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள். முதல் வருடத்துப் பிள்ளைகள்தான் அந்த வாத்தியாருக்குப் பரிசோதனை எலிகள்.

டீச்லைவ் மாதிரியான ஒன்றை இங்கே அமைக்க மென்பொருள் கஷ்டமில்லை. பின்னறை ஆள்தான் கஷ்டம். அமெரிக்காவில் அதற்கு நடிகர்களைத் தேடிப் பயிற்சி கொடுத்தார்கள். சித்தூரில் தேட வேண்டாம் என்பேன். புத்தூரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதத் திருவிழா நடக்கும்போது பகலில் ஹரிகதை, ராத்திரி நாடகம். அர்ஜுனன் தபசு மரம் ஏறுவான், கடைசி நாள் துரியோதனன் சாய்வான். எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் தெருக்கூத்து என்று பார்ப்பதன் சொந்தக்காரன்தான் அது. ஹரிகதை சொல்கிறவர் ஒரே மூச்சில் திரௌபதியாக அழுது, துச்சாதனனாகச் சிரித்து, நடுவில் தூங்கும் கிழவரை எழுப்பிக் கேலியும் செய்வார். ஐந்து பிள்ளைகளின் உருவத்தை அவரிடம் கொடுத்துப் பாருங்கள்! பயிற்சி வாத்தியார் வியர்த்து விறுவிறுத்துத்தான் வெளியே வருவார். சீசன் முடிந்தால் வருமானம் முடிந்துவிடும் கலைஞருக்கு மாதச் சம்பளமும் ஆகும். மாவட்ட அதிகாரி எவராவது இதைத் திருடிக்கொண்டால் நான் வழக்குப் போடமாட்டேன்.

பெய்லன்சன் கூட்டம் வாத்தியார் வேஷத்திலும் ஒரு சாமர்த்தியத்தைக் கண்டுபிடித்தது. நிஜ வகுப்பில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையைத்தான் கண்ணுக்குக் கண் பார்க்க முடியும். மெய்நிகர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் திரையிலும் வாத்தியார் அவனையே பார்ப்பதாகக் காட்டலாம். எல்லோரையும் முதல் பெஞ்சில் உட்கார வைக்கலாம். இப்படிச் செய்ததில் கவனமும் கற்றலும் கூடின என்று சோதனைகள் சொல்கின்றன. நம்புகிறேன். ஆனாலும் கொஞ்சம் உறுத்துகிறது. கடைசி பெஞ்சில் யாராலும் பார்க்கப்படாமல் இருக்கும் சுகத்தில் எத்தனையோ பேர் கவிதை எழுதியிருக்கிறார்கள்.

முகம் இல்லாமல் பேசாத மொழி

திருப்பதியில் தேவஸ்தானம் காது கேளாத பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்துகிறது. அவதார் தொழிலில் இருப்பவர்கள் இவர்களைப் பார்த்ததும் கண் மலர்வார்கள்: பேச்சைக் கேட்டு உடனே சைகை மொழியில் பெயர்க்கும் உருவம் ஒன்றை வைத்துவிட்டால் மொழிபெயர்ப்பாளரே தேவையில்லையே! கைகளை மட்டும் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும் யோசனை இது. சைகை மொழியில் பாதி இலக்கணம் முகத்தில் இருக்கிறது. புருவம் உயர்ந்தால் அது கேள்வி. கன்னம் உப்பினால் அளவு மாறும். உதடும் தோளும் தலையாட்டலும் வாக்கியத்தை முடித்துவைக்கும். கை சரியாக அசைந்து முகம் மரத்துப்போன உருவம், சொல்லெல்லாம் இருந்து பொருள் இல்லாமல் பேசுகிறது. காது கேளாதோர் உலகக் கூட்டமைப்பும் சைகை மொழிபெயர்ப்பாளர்களின் உலகச் சங்கமும் 2018-ல் சேர்ந்தே அறிக்கை விட்டன: முன்கூட்டித் தயாரித்த, மாறாத அறிவிப்புகளுக்கு வேண்டுமானால் உருவங்களை வையுங்கள், உயிருள்ள உரையாடலில் மனித மொழிபெயர்ப்பாளரின் இடத்தைக் கொடுக்காதீர்கள். ரயில் எந்த பிளாட்பாரம் என்று சொல்ல ஒத்துக்கொள்ளலாம். பிள்ளைக்குப் பாடம் சொல்ல முடியாது.

வேஷத்துக்குள் வேட்டைக்காரர்கள்

கங்கம்மா கதையின் வேர் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு. மெய்நிகர் உலகங்களின் வரலாற்றில் பாளேகாடுகள் ஆரம்பத்திலேயே வந்துவிட்டார்கள். 1993-ல், படமே இல்லாமல் எழுத்தாலேயே ஆன லாம்ப்டாமூ என்ற உலகத்தில் ஒருவன் மற்றவர்களின் உருவங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துப் பாலியல் வன்முறை செய்வதாக எழுதிக் காட்டினான். ஜூலியன் டிபெல் எழுதிய கட்டுரையால் அது உலகத்துக்குத் தெரிந்தது. வெறும் எழுத்துதானே என்று சிரித்தவர்கள் உண்டு. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் நிஜமாகவே அழுதார். 29 வருடம் கழித்து, 2022 பிப்ரவரியில், தன் உலகத்தில் பெண்களின் உருவங்களைச் சீண்டுகிறார்கள் என்ற புகார்கள் எழுந்த பிறகு, மெட்டா நிறுவனம் உருவங்களுக்கு நடுவில் ஏறத்தாழ 4 அடி இடைவெளியைக் கட்டாயமாக்கியது.

பண்ட வேஷக்காரர் ஏசும்போது யாரும் போலீஸுக்குப் போவதில்லை. அதற்கு ஒரு நாள் குறித்திருக்கிறார்கள், எல்லை இருக்கிறது, மறுநாள் குங்குமத்தைக் கழுவிவிட்டு அதே தெருவில் நடந்தாக வேண்டும். முகம் தெரியாதவர்கள் வருடம் முழுக்கப் பண்ட வேஷத்தில் திரிகிற உலகத்துக்குள் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை ‘கல்விச் சுற்றுலா’ அனுப்ப முடியாது. பள்ளிக்கூடத்துக்கான உலகத்தில் வாசல் இருக்க வேண்டும், வாசலில் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வாத்தியார் இருக்க வேண்டும்.

போகட்டும், வேஷத்துக்குள் ஆளாவது மறைந்திருக்கிறானா என்றால் அதுவும் இல்லை. கூத்தில் எவ்வளவு அரிதாரம் பூசினாலும் நடையை வைத்து இன்னார் என்று ஊர் கண்டுபிடித்துவிடும். மெய்நிகர் உலகத்தைப் பார்க்கத் தலையில் மாட்டும் ஹெட்செட்டும் கண்டுபிடிக்கிறது. 2020-ல் ஸ்டான்ஃபோர்டில் 511 பேருக்கு ஹெட்செட் மாட்டிச் சில வீடியோக்களைக் காட்டினார்கள். தலையும் கையும் அசைந்த விதத்தை வைத்தே, 5 நிமிடத்துக்கும் குறைவான பதிவில் 95 சதவீதம் பேரை இன்னார் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. நம் 2023-ம் வருடத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தகவலை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் கேட்கச் சொல்கிறது. தலையாட்டுவதும் தகவல்தான் என்று எந்த அப்பாவுக்குத் தெரியும்? கம்பெனி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் தலைமை ஆசிரியராவது இதைக் கேட்க வேண்டும்: பிள்ளையின் அசைவு எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படும்?

நகரியும் திருத்தணியும்

ஹெட்செட் இல்லாமலும் இதெல்லாம் நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். ஹேபிடட்டும் செகண்ட் லைஃபும் சாதாரணத் திரையில் ஓடியவை. ஓபன்சிமுலேட்டர் என்ற இலவச மென்பொருள் 2007 முதல் இருக்கிறது. பள்ளியே தன் கம்ப்யூட்டரில் தன் உலகத்தை வைத்துக்கொள்ளலாம், வெளியாள் எவனும் எட்டிப் பார்க்க முடியாது. கம்பெனியும் நடுவில் இல்லை. மோசில்லா போன்ற பெரிய அமைப்பே தன் ‘ஹப்ஸ்’ மெய்நிகர் அறைகளை 2024 மே மாதத்தோடு மூடிவிட்ட பிறகு, அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது.

எனக்கு ஒரு குறிப்பிட்ட உலகம் வேண்டும். 1960-ல் ஆந்திரமும் தமிழ்நாடும் எல்லைகளை மாற்றிக்கொண்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. சித்தூரும் நகரியும் அந்தப் பக்கமே இருந்தன. நகரிப் பக்கம் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தமிழ் மீடியம் பள்ளிகள் இருக்கின்றன. திருத்தணி, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள். இரண்டு பக்கமும் இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் ஒரே அனுபவம்தான்: வாயைத் திறந்தால் உச்சரிப்புக்குச் சிரிப்பு விழும், அதனால் திறப்பதில்லை. வகுப்பில் மந்தம் என்று பெயர் எடுத்தவர்களில் இவர்கள் நிறைய.

ஒரு சந்தையைத் திரைக்குள் கட்டலாம். நகரிப் பிள்ளை தமிழ்ச் சந்தையில் கடைக்காரி வேஷம் கட்டட்டும். திருத்தணிப் பிள்ளை வந்து தமிழில் பேரம் பேசி வாங்கட்டும். அடுத்த வாரம் தெலுங்குச் சந்தை, திருத்தணிப் பிள்ளை கடைக்காரர். தப்பாகச் சொன்னால் திருத்துவது கடைக்காரரின் வேலை. முகம் தெரியாது, சீருடை தெரியாது, சிரிக்கப் பெஞ்சும் கிடையாது. வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளை அங்கே மொழி சொல்லிக்கொடுக்கிறது. ஒவ்வொரு பக்கமும் பத்துப் பன்னிரண்டு பழைய கம்ப்யூட்டர், நடுவில் இணைப்பு, பின்னால் நின்று கவனிக்க ஆளுக்கொரு டீச்சர். டேப்லெட் வாங்கிய பணத்தோடு ஒப்பிட்டால் இது பேட்டா காசு.

நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, இதற்கு எதற்கு மெய்நிகர் உலகம், நேரில் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்பவர் சரியாகத்தான் கேட்கிறார். வருடக் கடைசியில் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும். ஒரு வருடம் பேரம் பேசி முடித்த பிள்ளைகள், யார் அந்தக் கடைக்காரி என்று ஒருவரையொருவர் தேடிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கட்டும்.